நலவாழ்வுச் சுவரொட்டி: ஒட்டுவதற்கு முன் படிப்போம்

பள்ளிகளுக்கு ஆண்டு முழுவதும் சுவரொட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஜனவரி 30 என்றால் தொழுநோய் ஒழிப்பு, மார்ச் 24 என்றால் காசநோய், பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் குடற்புழு நீக்கம், மழை தொடங்கினால் டெங்கு, டிசம்பர் 1 அன்று எய்ட்ஸ். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாம் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவோம். அடுத்தது வரும்வரை அது அங்கேயே இருக்கும். மாணவர்கள் அதைப் பார்த்தார்களா, பார்த்திருந்தால் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது.

நான் பள்ளிபாளையம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காவிரிக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம், பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு எங்கள் ஊரில் குறைவு. 1960-களில் தொடங்கிய சேஷசாயி காகித ஆலையும் இங்கேதான் இருக்கிறது. அதனால் காகிதத்தைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வேன். என் மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் தறி ஓட்டுபவர்கள், சாயப்பட்டறையில் வேலை செய்பவர்கள், லாரிக்குப் போகிறவர்கள். காசநோய், எய்ட்ஸ், டெங்கு என்று சுவரில் ஒட்டப்படும் ஒவ்வொரு சொல்லும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டைத் தொடக்கூடிய சொல். அதனால் இந்தப் படங்கள் எங்கே பலித்தன, எங்கே தவறிப்போயின என்று கொஞ்சம் வரலாற்றோடு பார்ப்பது நமக்குப் பயன்படும்.

படம் எல்லோருக்கும் புரியுமா?

எழுத்துத் தெரியாதவருக்குப் படம் போதும் என்று நாம் நம்புகிறோம். 1976-இல் நேபாளத்தில் யுனிசெஃப் அமைப்பின் துணையோடு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிராமத்து மக்களிடம் பல வகைப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பின்னணியை நீக்கி, ஆளை மட்டும் வெட்டி எடுத்து வைத்த புகைப்படம் பின்னணியோடு இருந்த புகைப்படத்தைவிட நன்றாகப் புரிந்தது. குச்சி உருவங்கள் மிகக் குறைவாகவே புரிந்தன. வரிசையாக வைத்த படங்களை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றவில்லை. அது புத்தகம் படித்துப் பழகியவர்களின் பழக்கம். படம் பார்ப்பதும் கற்றுக்கொண்டுதான் வருகிறது.

சுகாதாரக் கல்விப் பயிற்சிகளில் காலங்காலமாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. மலேரியாவை விளக்கக் கொசுவின் படத்தை மிகப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்களாம். ஊர்க்காரர் ஒருவர், “எங்க ஊர்க் கொசு இவ்வளவு பெருசா இருக்காதுங்க, எங்களுக்குப் பயமில்லை” என்றாராம். கதையோ உண்மையோ, எனக்கு இதில் சிரிப்பு வருவதில்லை. டெங்குச் சுவரொட்டி ஒன்றை ஆறாம் வகுப்பில் மாட்டி, “இந்தப் படம் நம்மை என்ன செய்யச் சொல்லுது?” என்று கேட்டேன். “கொசுவை அடிக்கச் சொல்லுதுங்க டீச்சர்” என்று வகுப்பே சொன்னது. சரியான பதில்தான். முக்கால் பக்கத்துக்குக் கொசு இருந்தது. செய்ய வேண்டியது அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருந்தது.

அந்த வரியும், ‘தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்’ என்று சொன்னது. குழாயில் சில நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடும் தெருவில், டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை சில மாதங்கள் தாங்கும். ஆகவே, ‘மூடி வையுங்கள், வாரம் ஒரு நாள் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்’ என்று சொன்னால் எங்கள் தெருவில் செய்ய முடியும். தேங்காய் நார் பிடித்த ஒரு கை டிரம்மின் உட்புறத்தைத் தேய்ப்பதுபோல் படம் போட்டால் போதும், கொசுவே வேண்டாம்.

காகிதத்துக்கு முன்பே இருந்த அறிவிப்பு

நம் ஊரில் நலவாழ்வு அறிவிப்பு என்பது அச்சு இயந்திரத்தோடு வந்ததல்ல. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அந்தக் கொத்தைப் பார்த்ததும் தெருவுக்கே செய்தி தெரிந்துவிடும். வெளியாள் உள்ளே போக மாட்டார். கடன் கேட்க வந்தவரும் திரும்பிவிடுவார். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எல்லாம் பழையபடி ஆகும். எழுத்து, படம் ஒன்றுமில்லாமல் ஒரு தனிமைப்படுத்தல் அறிவிப்பு.

வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியம்மை வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பார்வை இழந்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். அது தெருவைத் தள்ளி நிற்கச் சொன்னது, நோயாளியை இழிவுபடுத்தவில்லை. ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றுதான் சொன்னார்கள். படுத்திருந்த பிள்ளையிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். நோயைப் பற்றி எச்சரித்தும், நோயாளியைக் காட்டிக்கொடுக்காமலும் இருப்பது எவ்வளவு கடினம் என்பது பின்னால் வந்த அச்சுச் சுவரொட்டிகளின் கதையைப் பார்த்தால் தெரியும்.

ராணியின் கையும் எல்லிஸின் கதையும்

எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் பசு அம்மைத் தடுப்பூசியை 1796-இல் சோதித்தார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. சேர்ந்ததே தவிர, மக்கள் எளிதில் கை நீட்டவில்லை. அம்மை அம்மனின் காரியம். பசுவின் புண்ணிலிருந்து எடுத்ததை ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றுவதென்றால் சாதி, தீட்டு என்று நூறு தயக்கம்.

1805-இல் அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி மைசூர் அரண்மனையில் மூன்று பெண்களை வரைந்தார். அவர்கள் யார் என்பது நெடுங்காலம் தெளிவாக இல்லை. வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர், அவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்றும், இளைய ராணி தேவஜம்மணி சேலையை விலக்கி மேல்கையைத் தொட்டுக் காட்டுவது தடுப்பூசி போட்ட இடத்தை என்றும் விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், தென்னிந்தியாவின் முதல் தடுப்பூசி விளம்பரங்களில் ஒன்று அது. ‘ராணியே போட்டுக்கொண்டார்’ என்பது செய்தி. போலியோ சொட்டு மருந்துக்கு நடிகர்கள் முகம் கொடுத்ததும் அதே வழிதான்.

அதே காலத்தில் சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கியவர் என்று நமக்கெல்லாம் தெரிந்தவர், வேறொரு வழியில் போனார். பசு அம்மைப் பாலின் பெருமையை அம்மனே தன்வந்திரிக்கு எடுத்துச் சொல்வதுபோல ஒரு புராணக் கதையை எழுதினார். மக்களின் நம்பிக்கைக்குள்ளேயே மருந்துக்கு ஓர் இடம் தேடிய முயற்சி அது. கொஞ்சம் தந்திரம்தான், ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நல்லதற்காகச் சொன்னாலும் பொய்க்கு ஆயுள் குறைவு, அது வெளிப்படும்போது மருந்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும். ஆனால் கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அவர் யோசித்தாரே, அதை இன்றைய பல சுவரொட்டிகளில் காண முடிவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த அட்டை

கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிலையம் அம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரித்தது. தடுப்பூசி ஊர் ஊராகப் போனது. நம் பெற்றோர் தலைமுறையின் கையில் இருக்கும் வட்டத் தழும்பு அதன் சாட்சி. ஆனாலும் பெரியம்மை முற்றாக ஒழிந்தது, எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்ததால் அல்ல. நோய் இருக்கும் வீட்டை உடனே கண்டுபிடித்து, அந்த வீட்டைச் சுற்றி உள்ளவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு வளைத்ததால். கண்டுபிடிப்பதுதான் சிக்கல். மறைப்பவர்கள் இருக்கும்போது யாரிடம் கேட்பது?

இங்கேதான் நம் தொழில் உள்ளே வருகிறது. 1960-களின் கடைசியில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், உலக சுகாதார நிறுவனம் பயிற்சிக்காகக் கொடுத்த அம்மைப் படங்களைக் களப்பணியாளர்கள் பள்ளிகளுக்கு எடுத்துப்போய் மாணவர்களிடம் காட்டினார்கள். “இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா?” என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அலுவலர்களுக்குத் தெரியாத வீடுகளெல்லாம் வெளியே வந்தன. அந்த அனுபவத்திலிருந்து உருவானதுதான் பெரியம்மை அடையாள அட்டை. கையடக்கமான அட்டை, அதில் அம்மை போட்ட ஒரு குழந்தையின் புகைப்படம். முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் அதிகமாகவும் உடம்பில் குறைவாகவும் இருக்கும். சின்னம்மையில் இது நேர்மாறு. அந்த வித்தியாசத்தைப் படமே காட்டியது.

இந்தியாவில் 1973-லிருந்து இந்த அட்டையோடு வீடு வீடாகத் தேடினார்கள். 1974-இல் பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் நோய் கடுமையாக இருந்தது. வாரச்சந்தைகளிலும் பள்ளிகளிலும் அட்டையைக் காட்டிக் கேட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் கொடுத்த தகவல்கள் பெரிதும் உதவின. தகவல் சொல்பவருக்குப் பரிசு என்று சுவர்களில் எழுதிப் போட்டார்கள். நோயாளிகள் குறையக் குறையப் பரிசுத் தொகை ஏறி, கடைசியில் 1,000 ரூபாய் ஆனது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹிமா பானு என்ற சிறு குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தாக்கிய உலகின் கடைசி ஆள் அந்தக் குழந்தை. அதை அலுவலர்களுக்குச் சொன்னவர் பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி. அவருக்கு 250 டாக்கா பரிசு கிடைத்தது. 1980 மே மாதம் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் மூன்றாம் வகுப்பில் இருக்கும் வயதில் ஒரு பிள்ளை அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறாள். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

அந்த அட்டை ஏன் வேலை செய்தது? அது யாரையும் பயமுறுத்தவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பார்ப்பவருக்குத் தெரிந்த ஒன்றை அவரிடமே கேட்டது. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதும் தெளிவாக இருந்தது. பார்ப்பவரை அறியாதவராக வைக்காமல், தகவல் உள்ளவராக மதித்தது.

சிவப்பு முக்கோணம்

1960-களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வந்த தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தை நம் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. தீப் தியாகி என்ற அலுவலர் அந்த விளம்பர முயற்சியை முன்னின்று நடத்தினார். முக்கோணமும் சிரிக்கும் நான்கு முகங்களும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வரியும் சுவர், பேருந்து, தீப்பெட்டி என்று எங்கும் போயின. சாதாரணப் பெயின்டரும் அளவுகோல் வைத்து வரைந்துவிடலாம் என்பது அதன் பலம். சிவப்பு முக்கோணம் இயல்பாக எதையும் குறிப்பதில்லை; திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பொருள் வந்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், குறிப்பாக வட மாநிலங்களில், கட்டாயக் கருத்தடை நடந்தபோது அதே பழக்கமான சின்னம் பயத்தின் சின்னமானது. பிறகு துறையின் பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்ற வேண்டியிருந்தது. அலுவலகம் எப்படி நடந்துகொள்கிறதோ அதுதான் சுவரொட்டியின் பொருள். படம் அதைத் தாண்டிப் போக முடியாது.

மண்டை ஓடும் புள்ளிராஜாவும்

எய்ட்ஸ் பற்றி நாமக்கல் மாவட்டத்து ஆசிரியர் எழுதும்போது தயங்காமல் எழுதத்தான் வேண்டும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தார்கள். லாரித் தொழிலை நம்பியிருக்கும் எங்கள் மாவட்டம், தொற்று அதிகமுள்ள மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது.

நான் பள்ளியில் படித்த 1990-களில் பார்த்த எய்ட்ஸ் படங்களில் மண்டை ஓடு, எலும்பு, பாம்பு, எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். ‘வந்தால் மரணம்’ என்பதே செய்தி. பயம் பரவியது, ஆனால் அந்தப் பயம் போய் விழுந்தது நோயின் மேல் அல்ல. லாரி டிரைவர் வீடு என்றாலே ஒரு மாதிரி பார்க்கும் பார்வை வந்தது. மாப்பிள்ளை டிரைவர் என்றால் பெண் கொடுக்க யோசித்தார்கள். இதில் யார் பரிசோதனைக்குப் போவார்? போய்த் தெரிந்துகொண்டால் கிடைப்பது அந்தப் படத்தில் உள்ள முகம்தான் என்றால், தெரியாமலே இருப்பது மேல் என்றுதானே தோன்றும்?

நான் பி.எட். படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2003 வாக்கில், ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி தமிழகத்துச் சுவர்களில் திடீரென்று முளைத்தது. யார் இந்தப் புள்ளிராஜா என்று சொல்லாமல் கேள்வியை மட்டும் விட்டுவைத்தார்கள். மும்பையில் 2002 கடைசியில் ‘பல்பீர் பாஷா’ என்ற பெயரில் இதே மாதிரியான கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. பேருந்தில், டீக்கடையில், கல்லூரியில் எங்கும் அதே பேச்சு. வாயெடுத்துச் சொல்லக் கூசிய ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டாவது பேச வைத்தது அந்தக் கேள்வி. அதில் குறையும் இருந்தது. எங்கள் வகுப்பில் ராஜா என்று பெயர் கொண்டவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்! புள்ளிராஜா என்பவர் ‘அப்படிப்பட்ட’ ஆள், நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது. ஆனாலும் மண்டை ஓட்டைவிட அது நல்ல சுவரொட்டி என்பதே என் எண்ணம். மண்டை ஓட்டின் முன்னால் நின்று யாரும் எதையும் கேட்க முடியாது.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர் மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழ்கிறார், வேலைக்குப் போகிறார். அதோடு ‘வந்தால் மரணம்’ என்ற வரி உண்மையில்லாமல் போய்விட்டது. 2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் கல்வி நிலையத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியே சொல்வதையும் தடுக்கிறது. ஆனால் இன்றும் டிசம்பர் 1 ஓவியப் போட்டியில் பிள்ளைகள் மண்டை ஓடுதான் வரைகிறார்கள், அதற்குத்தான் முதல் பரிசும் கிடைக்கிறது. அந்த வகுப்பிலேயே மாதந்தோறும் அம்மாவோடு மருந்து வாங்கப் போய்வரும் ஒரு பிள்ளை இருக்கலாம். நமக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தேள்

புகையிலைப் பொட்டலங்களில் 2009 மே 31 முதல் படத்தோடு எச்சரிக்கை கட்டாயமானது. மெல்லும் புகையிலையில் அப்போது வந்த படம் ஒரு தேள். புற்றுநோயைக் குறிக்கிறதாம். கீழே எழுதியிருப்பதை மறைத்துவிட்டு அதைப் பார்ப்பவர், தேள் மார்க் புகையிலை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் பொட்டலத்தின் மேல் யானை, மயில், மான் எல்லாம் வணிகச் சின்னங்கள்தானே. பின்னர் வாய்ப் புற்றுநோயின் நேரடிப் புகைப்படங்கள் வந்தன. 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காடு எச்சரிக்கைக்கு ஒதுக்கப்பட்டது.

2020-இல் வீட்டு வாசல்

கொரோனாக் காலத்தில் தொற்று வந்த வீடுகளின் கதவில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். பல ஊர்களில் தகரம் வைத்துத் தெருவையே அடைத்தார்கள். நோக்கம் வேப்பிலைக் கொத்தின் நோக்கமேதான்: உள்ளே போகாதீர்கள். ஆனால் விளைவு நேரெதிர். அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பினார்கள். குணமாகி வந்த பிறகும் பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தறிக்கூடத்தில் வேலை போய்விடும் என்று காய்ச்சலை மறைத்தவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. 2020 டிசம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தகுதியுள்ள அதிகாரி தனியாக உத்தரவிட்டால் தவிர நோயாளிகளின் வீட்டு வாசலில் இப்படி அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று சொன்னது.

வேப்பிலையும் தாளும் ஒரே வாசலில், ஒரே வேலைக்காக வைக்கப்பட்டவை. வேப்பிலையை வீட்டுக்காரரே செருகினார். தாளை வெளியிலிருந்து வந்தவர் ஒட்டினார். வித்தியாசம் அங்கிருந்தே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பறையில்

எனக்குப் பிடித்த சுவரொட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் காசநோய்க்கானதைச் சொல்வேன். ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை இலவசம்.’ இதில் மிரட்டல் இல்லை. ஒரு நாள் கணக்கு, ஒரு செயல், ஓர் இடம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இந்த நாள் கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. தறிக்கூடத்தில் இருமாத ஆளே கிடையாது. “பஞ்சுத் தூசி, அப்படித்தான் இருக்கும்” என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். தூசியா கிருமியா என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது, ஆனால் நாளை எண்ண முடியும். எட்டாம் வகுப்பில் இதைப் பேசிய மறுவாரம், ஒரு மாணவன் தன் அப்பா இருமத் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் சுவரொட்டி வந்தால், ஒட்டுவதற்கு முன் ஒரு பாடவேளை அதை மேசையில் வைக்கிறோம். எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, படம் மட்டும் என்ன சொல்கிறது என்று கேட்கிறேன். பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தைப் படிக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே அன்றைய பாடம். இந்தப் படத்தில் இருப்பவர் நம் வகுப்புக்குள் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்றும் ஒரு கேள்வி. பெரிய பிள்ளைகள் இதற்கு நாம் எதிர்பார்க்காத பதில்களைச் சொல்கிறார்கள். தொழுநோய்ப் படங்களில் விரல் மழுங்கிய கையைக் காட்டிய பழைய படத்தையும், முதுகில் உணர்ச்சியற்ற தேமலைக் காட்டும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அது முடிஞ்சு போனதைக் காட்டுதுங்க டீச்சர், இது ஆரம்பத்தைக் காட்டுது” என்றாள். பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சென்ற முறை குடற்புழு நீக்க நாளுக்கு நாங்களே படம் வரைந்தோம். விதி ஒன்றுதான்: வரைந்ததை வீட்டில் மூன்று பேரிடம் காட்டி, எதுவும் விளக்காமல், “இது என்ன சொல்லுது?” என்று கேட்டு வர வேண்டும். அதில் ஒருவராவது எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றுக்குள் பெரிய புழு சுருண்டிருப்பதுபோல் வரைந்துகொண்டு போனாள். “பாம்பை முழுங்கின புள்ளையா கண்ணு?” என்று அவளுடைய அம்மாயி கேட்டாராம். இரண்டாவது படத்தில் புழுவைச் சிறிதாக்கினாள். “நூல் சிக்கிக்கிச்சா?” தறிக்காரர் வீடல்லவா! மூன்றாவதில் புழுவையே எடுத்துவிட்டு, கொக்கிப்புழு வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று பாடத்தில் படித்ததை நினைவில் வைத்து, கழிப்பறை வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, குழாயடியில் சோப்புப் போடும் கை, மாத்திரையைக் கடித்து மெல்லும் வாய் என்று மூன்றை வரைந்தாள். அம்மாயி மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, “இந்தப் புள்ளைக்கு மாத்திரையை யாரு குடுக்கறாங்க, அதையும் போடு” என்றிருக்கிறார். நான்காவது படத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார். இப்போது அது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. அந்த டீச்சர் என்னைவிட உயரம்.